உப்புநீர்த் தொட்டி – 11: மூக்கு நுழைகிற இடத்தில் இரை

காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை மீனைப் பலர் அழகுக்காக வாங்குவதில்லை. தொட்டியில் ஐப்டேசியா மண்டிவிட்டது, அதைத் தின்று தீர்க்க ஓர் ஆள் வேண்டும் என்றுதான் வாங்குகிறார்கள். கண்ணாடி போன்ற அந்தச் சின்னக் கடற்சாமந்தியைப் பிய்த்தெறிந்தால், பாறையில் ஒட்டிய மிச்சத்திலிருந்து மறுபடி முளைக்கும். காப்பர்பேண்ட் அதைத் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் எல்லாக் காப்பர்பேண்டும் தின்னாது. தின்கிற மீனுக்கும் ஒருநாள் அது தீர்ந்துபோகும். அப்புறம்?

கடைக்காரர் கொடுத்த உருண்டைத் தீவனத்தைத் தூவுவோம். மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. ‘அடம் பிடிக்குது’ என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதன் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள். வெள்ளை உடம்பு, ஆரஞ்சுப் பட்டைகள், முதுகுத் துடுப்பின் பின்பக்கம் கறுப்பாக ஒரு பொய்க்கண். முகமோ குழாய் போல நீண்டு, வாய் அதன் நுனியில் இருக்கிறது. பவளப்பாறை இடுக்குகளில் ஒளிந்திருக்கும் புழுக்களையும் பொடி இறால்களையும் கொத்தி இழுக்க அமைந்த வாய் அது. தண்ணீரில் மிதந்து வருவதெல்லாம் சாப்பாடு என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

முதல் வேலை கடையிலேயே இருக்கிறது. “சூப்பரா சாப்பிடும் சார்” என்று பையன் சொன்னால், “எங்க, கொஞ்சம் போடுங்க தம்பி, பார்த்துட்டு எடுத்துக்கிறேன்” என்று நின்றுவிடுங்கள். போட முடியாது என்றால் வேறு நாள் வாருங்கள். மீனை நேர் எதிரே இருந்து பாருங்கள். தலைக்குப் பின்னால் சதை வற்றி முதுகு கத்தி விளிம்பாகத் தெரிந்தால் அது பல நாள் பட்டினி. மூக்கு நுனி சிவந்திருந்தாலும் வேண்டாம். எங்கே பிடித்தது என்றும் கேளுங்கள். பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் சயனைடு கலந்த நீரைப் பாறைக்குள் பீய்ச்சி மயக்கிப் பிடிக்கும் பழக்கம் நீண்ட காலம் இருந்தது. சட்டம் தடுத்தும் முழுதாகப் போகவில்லை. அப்படிப் பிடிபட்ட மீன் கடையில் நன்றாகவே தெரியலாம், சில வாரம் கழித்துச் சாகலாம். ஆஸ்திரேலியாவில் வலையில் பிடித்தது என்றால் விலை ஏறும். முடிந்தால் அதையே வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். தொட்டியில் ஏற்கெனவே டாங் மீன் இருந்தால், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் புது மீனைச் சில நாள் வைப்பது நல்லது. அடி வாங்குகிற மீன் சாப்பாட்டை நினைக்காது.

இனி மட்டி. பழவேற்காட்டு மட்டியோ கன்னியாகுமரிச் சிப்பியோ, மீன் சந்தையில் எது புதிதாகக் கிடைக்கிறதோ அது. ஃப்ரீசரில் வைத்து, பிறகு எடுத்துக் கழுவி, பாதித் திறந்து, ரப்பர் பேண்டால் ஒரு கல்லோடு கட்டி அடியில் வைத்துவிடுங்கள். கொஞ்ச நேரம் எதுவும் நடக்காது. பிறகு மீன் பக்கவாட்டில் வந்து ஒரு கண்ணால் பார்க்கும். விலகிப் போய், திரும்பி வந்து, உடம்பைச் சாய்த்து, மறு கண்ணால் பார்க்கும். சட்டென்று மூக்கை ஓட்டின் இடுக்கில் நுழைத்து ஒரு வெடுக்கு. சதையின் சிறு நார் ஒன்று வாயோரம் தொங்கும். அந்த முதல் கொத்தைப் பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மிச்சச் சதையைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். அழுகினால் அம்மோனியா ஏறி எல்லா மீனுக்கும் ஆபத்து.

அடுத்த நாட்களில் அதே ஓட்டுக்குள் மட்டிச் சதையோடு மைசிஸ் இறாலைத் திணியுங்கள். மட்டியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பின்பு ஓட்டில் மைசிஸ் மட்டும். அதற்கும் பின்பு ஓட்டின் வாசலில் சொட்டுக் குழாயால் விடுங்கள். மிதப்பதைக் கொத்த ஆரம்பித்துவிடும். அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால் மறுபடி மட்டிக்கே வரவேண்டியிருக்கும்.

டியூபிஃபெக்ஸ் புழுவைப் போட்டால் உடனே தின்னும் என்று சொல்வார்கள். பல நேரம் தின்னவும் செய்யும். ஆனால் அது சாக்கடையில் வளர்கிற நன்னீர்ப் புழு. கிருமியோடு வரும், உப்புநீரில் செத்துப்போகும். வேறு வழியே இல்லாதபோது, நன்றாக அலசி, மீன் தின்கிற அளவுக்கு மட்டும். ஆர்ட்டீமியா பொரித்துக் கொடுக்கிறவர்கள் பொரிந்த அன்றே கொடுங்கள். குஞ்சின் சத்தெல்லாம் அதன் கருவுணவில் இருக்கிறது. வளர்ந்ததை அப்படியே கொடுப்பது மீனுக்கு வெறும் பொரி.

தின்ன ஆரம்பித்துவிட்டதே என்று நாளுக்கு ஒரு வேளையோடு நிறுத்திவிடுகிறார்கள். கடலில் இது நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே திரிகிற மீன். குறைந்தது மூன்று வேளை, சிறிது சிறிதாகக் கொடுங்கள். டாங்கும் கிளவுனும் முந்திக்கொண்டால், அவற்றுக்கு ஒரு மூலையில் தீவனம் போட்டுவிட்டு மறு மூலையில் ஓட்டை வையுங்கள். வாரம் ஒருமுறை அதே எதிர்ப்பக்கத்திலிருந்து முதுகைப் பாருங்கள். கத்தி விளிம்பு மழுங்கி, தலைக்குப் பின்னால் சதை திரண்டிருந்தால் போடுவது போதுமானது. இல்லையென்றால் ஒரு வேளை கூட்டுங்கள்.

(அடுத்த வாரம்: மாண்டரின் மீனும் அதற்கென வளர்க்கும் கோபிபாடும்)