டிராக்டரின் உயிர் 'சி.பி. பாயிண்ட்'டில்!
பழைய இரும்புக்குப் போடும் முன் ஒரு நிமிடம்

குடுபல்லி,

குப்பத்தை விட்டு ரெயில் பெங்களூர் பக்கம் கிளம்பினால் அடுத்து நிற்கும் சின்ன ஸ்டேஷன் குடுபல்லி. சுற்றிலும் தக்காளி, வேர்க்கடலை, கேழ்வரகு. உழவுக்கு டிராக்டர்தான். எல்லாம் டீசல். டீசல் என்ஜினில் காற்றை அழுத்தும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும்; பிளக்கும் இல்லை, பாயிண்ட்டும் இல்லை. சென்னையில் 1960-ல் தொடங்கிய 'டாபே' கம்பெனி, மாசி பெர்குசன் டிராக்டர்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அதற்கு முந்திய காலத்து சாம்பல் நிற பெர்குசனைத் தெரியுமோ? 'டி.இ.20' என்று பெயர். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எவரெஸ்ட் வீரர் ஹில்லாரி 1958 ஜனவரி 4-ந்தேதி தென் துருவம் போய்ச் சேர்ந்தது இந்த டிராக்டர்களில்தான். அதில் பெரும்பாலானவை பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடுபவை. சென்னையில் பூட்டிய ஸ்டாண்டர்டு வான்கார்டு காருக்கும் இதற்கும் என்ஜின் ஒரே குடும்பம். ஆகவே பழைய கார் மெக்கானிக் யாராவது இருந்தால் அவருக்கு இந்த வேலை புதிதல்ல.

டீசலிலேயே கை பழகிய பையன்களிடம் விட்டால், "என்ஜின் போச்சு, எடைக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். பல நேரம் போயிருப்பது என்ஜின் அல்ல, தீப்பொறியின் நேரம்.

இடைவெளி முதலில்

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ரோட்டரையும் எடுத்தால் உள்ளே இரண்டு சிறு உலோகப் பொட்டுகள் தெரியும். அதுதான் பாயிண்ட். அது திறக்கும் அந்த நொடியில்தான் பிளக்கில் பொறி விழும். கேமின் மேடு பாயிண்ட்டின் குதிகாலைத் தள்ளி முழுதாகத் திறந்து நிற்கும்போது பீலர் கேஜை விட்டுப் பாருங்கள். பழைய வகை லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 10 முதல் 12 பங்கு. பின்னால் வந்த வகைக்கு 14 முதல் 16. தகடு இலேசாக உரசிக்கொண்டு போகவேண்டும். பொட்டு கருகிக் குழி விழுந்திருந்தால் புதிதாகப் போடுவதே மேல். போட்ட சில நாளில் மறுபடியும் கருகினால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள்.

இடைவெளியை வைத்த பிறகுதான் டைமிங். மாற்றிச் செய்தால் பட்ட பாடெல்லாம் வீண். ஏனென்றால் இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னாடியே திறக்கும், குறைந்தால் தாமதமாகும். குதிகால் தேயத் தேய இடைவெளி தானாகவே குறைந்து, நேரமும் பிந்தும். கலப்பை மண்ணில் இறங்கியதும் வண்டி மூச்சுத் திணறுவதும், என்ஜின் சூடேறி எண்ணெயைக் குடிப்பதும் பாதி இதனால்தான். ரெயில்வேயில் வேலை பார்ப்பவனுக்கு நேரம் பிந்தினால் என்ன ஆகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை!

கட்டைவிரலும் ஒரு பல்பும்

முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, ஓட்டையைக் கட்டைவிரலால் மூடி, என்ஜினை மெல்லச் சுற்றச் சொல்லுங்கள். விரலைக் காற்று தள்ளினால் அது அழுத்தும் சுற்று. அப்படியே டைமிங் குறி வரும் வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். குறி தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னோக்கி வரவேண்டும். பற்களில் இருக்கும் ஆட்டம் ஏமாற்றிவிடும். பெட்ரோல் வண்டிக்கும் மண்ணெண்ணெய் வண்டிக்கும் குறி வேறாகலாம். கையேட்டைப் பாருங்கள்.

பிறகு பாட்டரிக்கு ஏற்ற சிறு பல்பு ஒன்று. ஒரு கம்பியை டிஸ்ட்ரிபியூட்டருக்குக் காயிலிலிருந்து வரும் முனையிலும், மற்றதை என்ஜின் உடம்பிலும் கொடுத்துச் சாவியைத் திருப்புங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பிடியைத் தளர்த்தி, ரோட்டர் சுற்றும் திசையில் திருப்பினால் பல்பு அணையும். பிறகு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். பல்பு எரிந்ததா? அங்கேயே இறுக்குங்கள். பல்பு இல்லாத இடத்தில் சிகரெட் காகிதத்தைப் பாயிண்ட்டின் நடுவே வைத்து இழுப்பது பழைய ஆட்களின் வழக்கம். காகிதம் நழுவும் இடமே திறக்கும் இடம். ரோட்டர் எந்த வயரைப் பார்க்கிறதோ அது முதல் சிலிண்டருக்கு. அங்கிருந்து ரோட்டர் சுற்றும் திசையில் 1, 3, 4, 2.

மணிக்கட்டு ஜாக்கிரதை

நேரம் பிந்தினால் வண்டிக்குத்தான் கஷ்டம். முந்தினால் ஆளுக்கு. பிஸ்டன் மேலே வந்து சேருமுன் பொறி விழுந்தால், கைப்பிடி போட்டுச் சுற்றுகிறவர் கையை என்ஜின் பின்னோக்கி உதைக்கும். மணிக்கட்டு ஒடிந்து போகும். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்காமல் மற்ற நாலு விரல்களோடு சேர்த்தே வைத்து, கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். மேலிருந்து அமுக்கவே கூடாது. பெர்குசனில் கியர் கம்பியைத் தள்ளினால் ஸ்டார்ட் ஆகும் நல்ல வசதி உண்டு. கியரில் இருக்கும்போது கிளம்பவே கிளம்பாது. பாட்டரி செத்த வண்டிக்குத்தான் கைப்பிடி.

வேலை முடிந்ததும் சாவியை அணையுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் காய்ந்துபோகும். கேமில் கடுகளவு கிரீஸ் தடவுங்கள். கூடினால் அது தெறித்துப் பாயிண்ட்டில் ஒட்டி, வண்டி மறுபடியும் நின்றுவிடும்.