காக்கிக்கு ஒரு குரு: போலீசாரும் தீயணைப்பு வீரர்களும் மனம்விட்டுப் பேச யார் இருக்கிறார்கள்?

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் வழியில், வல்லம் பக்கமாக உள்ளே திரும்பினால் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. பார்சுவநாதர் கோயிலின் ஏழு நிலைக் கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். மடத்தின் தலைவர் பட்டாரகர் என்று அழைக்கப்படுகிறார். யார் பீடத்தில் அமர்ந்தாலும் லட்சுமிசேனர் என்பதே பட்டப்பெயர். கல்யாணம், காதுகுத்து, சொத்துத் தகராறு, மனக்கஷ்டம் என்று எதுவானாலும் "சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்று வருகிற சமூகம் இது.

ஒரு விவசாயிக்கோ ஆசிரியருக்கோ இப்படிப் போய் உட்கார ஓர் இடம் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குச் சாலை விபத்தில் சிதைந்த உடலை எடுத்துக் கட்டிவிட்டு வருகிற காவலருக்கும், கிணற்றிலிருந்து குழந்தையின் உடலைத் தூக்கி வருகிற தீயணைப்பு வீரருக்கும் அப்படி ஓர் ஆள் உண்டா? வெளிநாடுகள் பலவற்றில் உண்டு. அந்தப் பணிக்கென்றே பயிற்சி பெற்ற போதகர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் ராணுவத்துக்கு மட்டும் உண்டு. ஏன் இப்படி?

சேவகர் கையில் சிக்கிய குரு

செஞ்சி வட்டாரத்தில் குருவும் காவலும் சந்தித்த பழங்கதை ஒன்று உண்டு. 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செஞ்சியை ஆண்ட நாயக்கர் ஒருவர் சமணர்கள் மீது கோபம் கொண்டு, கண்ட இடத்தில் தலையை வெட்டச் சொன்னார் என்கிறது சமணர்களின் செவிவழி வரலாறு. திண்டிவனம் பக்கத்தில் ஒருவர், பொழுது சாய்வதற்குள் உண்ண வேண்டும் என்பதற்காக ஏரிக்கரையில் தண்ணீரை வடிகட்டிக் கொண்டிருந்தார். வடிகட்டியதை வைத்தே அவர் சமணர் என்று கண்டுகொண்ட சேவகர்கள், அவரைச் செஞ்சிக்கு இழுத்துப் போனார்கள். அந்த நேரம் பார்த்து அரசனுக்குப் பிள்ளை பிறந்ததால் அவர் உயிரோடு விடப்பட்டார். நேராகச் சிரவணபெளகொளா போய்க் கற்றுத் துறவு பூண்டு, வீரசேனாசாரியாராகத் திரும்பி வந்தார். சிதறிப் போனவர்களை மறுபடி சேர்த்தார். சித்தாமூர் பீடத்தின் மறுவாழ்வை அவரோடு சேர்த்தே சொல்கிறார்கள். கதை முழுவதும் பிடிபட்டவரின் பக்கத்திலிருந்துதான் சொல்லப்படுகிறது. பிடித்துக் கொண்டு போன சேவகர்களின் மனம் என்ன பாடுபட்டது என்பது கதையில் இல்லை.

ராணுவத்தில் எப்படி?

இந்திய ராணுவத்தில் 'மத ஆசிரியர்' என்று முறையான பணியிடமே இருக்கிறது. இளநிலை ஆணைய அதிகாரி வரிசையில், நாயப் சுபேதார் பதவியில் சேர்க்கிறார்கள். பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாதிரியார், பௌத்த பிக்கு என்று பிரிவுகள். பட்டப்படிப்பு கட்டாயம். அதற்கு மேல் பண்டிட்டுக்கு சமஸ்கிருதத் தேர்ச்சி; பாதிரியாருக்கு உரிய சபையின் குருப்பட்டமும், வட்டார ஆயரின் அங்கீகாரப் பட்டியலில் பெயரும் வேண்டும். எழுத்துத் தேர்வும் உண்டு, உடல் தகுதித் தேர்வும் உண்டு. ஓடத்தான் வேண்டும். சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி புனேயில் உள்ள தேசிய ஒருமைப்பாட்டு நிறுவனத்தில்.

வேலை பூசை செய்வதோடு முடிவதில்லை. மருத்துவமனையில் கிடப்பவரைப் பார்ப்பது, இறந்தவருக்கு அவரவர் முறைப்படி இறுதிச் சடங்கு நடத்துவது, வீட்டுக் கவலையில் இருக்கும் ஜவானோடு பேசுவது எல்லாம் இவர்கள் பொறுப்பு. பல படைப்பிரிவுகளில் 'சர்வ தர்ம ஸ்தலம்' என்று எல்லா மதத்துக்குமான ஒரே கூரை இருக்கும். உள்துறை அமைச்சகத்தின் நிர்வாகத்தில் உள்ள அசாம் ரைஃபிள்ஸ் படையும் மத ஆசிரியர்களை எடுக்கிறது. இந்தப் பட்டியலில் சமண குருவுக்கு மட்டும் தனிப் பிரிவு கிடையாது. மேல்சித்தாமூரில் கற்ற ஒருவர் அந்தத் தகுதியை வைத்து விண்ணப்பிக்க வழியில்லை.

மாநிலப் போலீசுக்கு ஏன் இல்லை?

ஒரு காரணம் பழையது. வெள்ளைக்காரன் காலத்தில் அரசு வருவாயிலிருந்து சம்பளம் வாங்கிய ஆங்கிலிக்கன் குருமார் துறை ஒன்று இருந்தது. அது பெரும்பாலும் ஐரோப்பியப் படையினருக்கும் அதிகாரிகளுக்கும்தான். உள்ளூர்க் கான்ஸ்டபிளை அது கண்டுகொள்ளவில்லை. விடுதலையோடு அதுவும் போனது. அதன்பிறகு மதச்சார்பற்ற அரசின் காவல் நிலையத்தில் அரசுச் சம்பளத்தில் ஒரு மத குருவை வைக்கும் பேச்சு எழவில்லை. எழுந்தாலும் எந்த மதம், எந்தப் பிரிவு என்று முதல் நாளே சண்டை வரும்.

அதற்காகக் காக்கி உலகில் பக்தி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆயுதப்படை மைதானத்தில் பிள்ளையார் கோயில் இருக்கும். ஆயுத பூசையன்று தீயணைப்பு வண்டிக்கு வாழைக்கன்று கட்டிச் சந்தனம் பூசுவார்கள். மேல்மலையனூர் அமாவாசை ஊஞ்சல், திருவண்ணாமலை தீபம் என்று சாமி புறப்படும் இடமெல்லாம் இவர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். நிற்பது டியூட்டிக்கு, சாமியைப் பார்க்கக்கூட நேரம் இருக்காது.

ஒரு வேடிக்கை: சிறைவாசிகளைச் சந்திக்கக் குருமார் போகிறார்கள், அதற்கென்று கத்தோலிக்கத் திருச்சபையில் தனி அமைப்பே இருக்கிறது. அதே சிறையின் வாசலில் நிற்கும் காவலரை யாரும் தேடி வருவதில்லை.

வெளிநாட்டு அனுபவம்

அமெரிக்காவில் காவல் துறைப் போதகர்களுக்கான சர்வதேச அமைப்பு 1973-இலேயே தொடங்கப்பட்டது. பெரும்பாலான போதகர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள். சொந்தச் சபையைக் கவனித்துக் கொண்டே, வாரத்தில் சில மணி நேரம் ரோந்து வண்டியில் கூடவே போவார்கள். பிரசங்கம் கிடையாது. காவலர் பேசும்வரை காத்திருப்பதே முக்கால்வாசி வேலை. மரணச் செய்தியைக் குடும்பத்துக்குச் சொல்லப் போகும்போது கூடப் போவதும் இவர்கள்தான்.

நியூயார்க் தீயணைப்புத் துறையின் குருவாக இருந்த பிரான்சிஸ்கன் துறவி மைக்கல் ஜட்ஜ், 2001 செப்டம்பர் 11 அன்று வீரர்களோடு உலக வர்த்தக மையத்துக்குள் போனார். தெற்குக் கோபுரம் சரிந்தபோது வடக்குக் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் இருந்த அவர் இறந்தார். அன்றைய சாவுகளில் அதிகாரபூர்வமாக முதலில் பதிவானது அவருடைய உடல்தான். பிரிட்டன் ராணுவமோ 2005-இல் இந்து, முஸ்லிம், சீக்கிய, பௌத்தக் குருமாரையும் நியமித்தது. போதகர் என்றால் கிறிஸ்தவர்தான் என்ற எண்ணம் அங்கேயே உடைந்துவிட்டது.

தமிழ்நாட்டில் என்ன இருக்கிறது?

குருவின் இடத்தில் இங்கே ஆலோசகர் வந்திருக்கிறார். பெங்களூரு நிம்ஹான்ஸ் உதவியுடன் தமிழகக் காவலர்களுக்கும் குடும்பத்தினருக்கும் 'நிறைவாழ்வுப் பயிற்சி' 2018 வாக்கில் தொடங்கப்பட்டது. பின்னர் 'மகிழ்ச்சி' என்ற பெயரில் குடிப்பழக்கம், மன அழுத்தம், குடும்பப் பிரச்சினைகளுக்கான திட்டமும் வந்தது. 2021-இல் காவலர், தலைமைக் காவலர்களுக்கு வார விடுமுறை அறிவித்து அரசாணையும் போட்டார்கள். "ஆர்டர்ல இருக்கு சார், ரோஸ்டர்ல இல்ல" என்பது ஸ்டேஷன் பக்கம் அடிக்கடி கேட்கும் வாசகம். 2023 ஜூலையில் கோவைச் சரக டிஐஜி விஜயகுமார் உயிரை மாய்த்துக் கொண்டபோது, பதவி உயர உயர மனபாரம் குறையும் என்ற நம்பிக்கையும் போனது.

ஆலோசகரிடம் போகக் காவலர் தயங்குவது ஏன்? பயம்தான். "ஃபைல்ல ஏறிடும், நாளைக்கு ப்ரமோஷன்ல கைவைப்பாங்க" என்ற பயம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்துக்கு உரிமை தருகிறது. ஆனால் துறையே ஏற்பாடு செய்த அறையில் உட்கார்ந்து பேசும்போது சட்டப்பிரிவு யாருக்கும் நினைவுக்கு வராது. குருவிடம் ஃபைல் இல்லை என்பதே குருவின் பலம். அதிலும் ஒரு ஓட்டை உண்டு. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்கு பாரதிய சாட்சியச் சட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு, குருவிடம் சொன்னதற்கு இல்லை. பாவசங்கீர்த்தனத்தைத் திருச்சபை விதி காக்கலாம். நீதிமன்றம் காக்க வேண்டிய கட்டாயமில்லை.

தீயணைப்புத் துறையின் நிலை இன்னும் மோசம், ஏனென்றால் அதைப் பற்றிப் பேச்சே குறைவு. 1944 ஏப்ரல் 14-இல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் 66 தீயணைப்பு வீரர்கள் இறந்த நினைவாக ஆண்டுதோறும் அஞ்சலி நடக்கிறது. 2020 தீபாவளி நாளில் மதுரையில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு வீரர்கள் கட்டடம் இடிந்து இறந்தார்கள். செத்தவர்களுக்கு மலர்வளையம் வைக்கிறார்கள். 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்த இடத்தில் வேலை செய்துவிட்டு மறுநாளும் ஷிப்டுக்கு வந்தவர்களுக்கு என்ன வைத்தோம்?

குரு என்றால் ஆறுதல் மட்டுமா?

இங்கேதான் மேல்சித்தாமூர் மரபில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. கொல்லாமையை உயிராகக் கொண்ட சமயம், லத்தி பிடித்தவருக்கு என்ன சொல்லும்? சமண நூல் மரபு ஹிம்சையை நான்காகப் பிரிக்கிறது: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பிலும் பிறரைக் காப்பதிலும் நேர்வது. இல்லறத்தார் முதலாவதை அறவே விட வேண்டும். மற்றவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். கலவரக்காரனைத் தடுக்கும் அடி நான்காவதில் சேரும். லாக்கப்பில் கைகட்டி நிற்பவன் மீது விழும் அடி முதலாவது. நடுவில் சாக்குப்போக்குக்கு இடமில்லை.

2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்த பிறகு, திருச்சிச் சரகத்தில் ஏறக்குறைய 80 போலீசாரைத் தேர்ந்தெடுத்து நடத்தை மாற்றப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சாவுக்கு முன்னால் "தம்பி, இது வேண்டாம்" என்று சொல்ல மேலதிகாரி அல்லாத ஒருவர் ஸ்டேஷனுக்கு வந்து போயிருந்தால் என்ற கேள்வி நியாயமானது. தட்டிக் கொடுக்க மட்டும் தெரிந்த குருவால் காவலருக்கும் நன்மையில்லை, ஊருக்கும் நன்மையில்லை.

இந்தப் பணிக்கு வர என்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாட்டில் இதற்கென்று தனிப் படிப்போ பணியிடமோ இல்லை. இருக்கும் பாதைகளைச் சேர்த்துத்தான் நடக்க வேண்டும். கிறிஸ்தவ வழியில் வருபவர் முதலில் சபையின் பரிந்துரை பெற்று, செராம்பூர் பல்கலைக்கழகத்தின் இறையியல் பட்டம் படிக்க வேண்டும். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை கீழ்ப்பாக்கம் குருகுல் போன்ற இடங்களில் படிக்கலாம். பிறகுதான் குருப்பட்டம். அதோடு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நோயாளிகள் நடுவே தரப்படும் ஆற்றுப்படுத்தும் பயிற்சியையும் முடித்தால், சாவின் பக்கத்தில் வாய்மூடி உட்காரக் கற்றுக் கொள்ளலாம்.

பட்டாரகர் வழி வேறு. பட்டாரகர் முழுத் துறவியும் அல்ல, இல்லறத்தாரும் அல்ல. ஆடை உடுத்தி, மடத்தை நிர்வகித்து, வண்டியேறி மக்களிடம் போகலாம். வாகனமே ஏறாத திகம்பர முனிவரால் முடியாத காரியம் இது. நடுராத்திரியில் கூப்பிட்டால் வரக்கூடிய குருவைத் தேடுபவர்கள் இந்த ஏற்பாட்டைக் கவனிக்கலாம்.

எந்த வழியில் வந்தாலும் முதல் படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமோ மாவட்டத் தீயணைப்பு அலுவலரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குவது. மதம் மாற்ற வரவில்லை, துண்டுப் பிரசுரம் கொடுக்க மாட்டேன், கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்ற மூன்றையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது. அப்புறம் டீக்கடை. ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் ஆறு மாதம் சும்மா உட்காரும் பொறுமை இல்லாதவர் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

யாரிடமும் நேரில் பேச முடியாத நிலையில் இருப்பவர்கள், காக்கி போட்டவரானாலும் அவர் வீட்டாரானாலும், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.