அண்டையிலிருந்து வரும் ஆணை

மண்ணிலும் அழுகிய கனிகளிலும் பாக்டீரியாக்களைத் தின்று ஜீவிப்பதும், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ளதும், உள்ளுறுப்புகள் யாவும் வெளியே தெரியும்படி கண்ணாடிபோன்ற தேகம் வாய்த்ததுமான ஸீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் புழுவை, 1960-களில் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் ஆராய்ச்சிக்குத் தேர்ந்துகொண்டார். அதன் கருமுட்டை பிளவுபடுவதை நுண்ணோக்கியின் முன் பொறுமையே உருவாய் அமர்ந்து கவனித்த ஜான் சல்ஸ்டனும் சகாக்களும், இனவிருத்தி அணுக்கள் நீங்கலாக வளர்ந்த புழுவின் 959 உயிரணுக்களும் எதிலிருந்து எது பிறந்தது என்ற வம்சாவளி முழுவதையும் 1983-க்குள் வரைந்து முடித்தனர்.

புழுவுக்குப் புழு பெரும்பாலும் மாறாத அந்த வம்சாவளியைக் காண்போர், ஒவ்வோர் உயிரணுவின் விதியும் பிறப்பிலேயே எழுதப்பட்டதென்று நினைப்பது இயல்பே. ஆனால் விஷயம் அவ்வளவு எளிதன்று.

புழுவின் வயிற்றுப்புறத்தில், முட்டை வெளியேறும் வாயிலாகும் தகுதியைச் சமமாகப் பெற்ற ஆறு உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு மேலே, கர்ப்பப்பையின் பக்கம், நங்கூர உயிரணு என்ற ஒன்று இருக்கிறது. அது லின்-3 என்னும் புரதத்தைச் சுரக்க, நேர் கீழே நிற்பது அச்சமிக்ஞையை மிகுதியாக ஏற்று வாயிலின் நடுப்பகுதியாகிறது. ஆனதும், தன் இருமருங்கிலும் உள்ளவை தன்னைப்போலவே ஆகிவிடாமல் வாயிலின் பக்கங்களாக அமையும்படி வேறொரு சமிக்ஞையால் பணிக்கிறது. இம்மூன்றின் சந்ததியாக 22 உயிரணுக்கள் தோன்றி வாயில் உருவாக, எஞ்சிய மூன்றின் வழித்தோன்றல்கள் தோலோடு கலந்துவிடுகின்றன. நங்கூர உயிரணுவும் அப்பதவியோடு பிறந்ததன்று. சரிநிகரான இரண்டு உயிரணுக்கள் தமக்குள் சமிக்ஞை பரிமாறிக்கொள்ள, ஒரு புழுவில் இதுவும் மற்றொன்றில் அதுவுமாக அந்த ஸ்தானத்தை அடைகின்றன.

1981-இல் ஜூடித் கிம்பிள், லேசர் ஒளிக்கற்றையால் அந்த நங்கூர உயிரணுவை மட்டும் பொசுக்கிப் பார்த்தார். ஆறும் உயிரோடு அருகிலேயே இருந்தும், ஆணையிடுவார் இன்மையால் அத்தனையும் தோலாகவே போயின. வாயிலற்ற புழுவிலோ முட்டைகள் உள்ளேயே பொரிக்க, குஞ்சுகள் தாயின் உடலையே தின்று வெளிவருகின்றன. படிக்குந்தோறும் மனத்தை உலுக்கும் காட்சி இது.

லின்-3 கொணரும் செய்தியை உயிரணுவின் உட்புறத்துக்குக் கடத்தும் புரதங்களுள் ஒன்று ராஸ். மனிதரின் புற்றுநோய்கள் பலவற்றில் பழுதுபட்டிருப்பதும் இதே குடும்பத்துப் புரதமே. அது ஓயாமல் இயங்கும்படி மாறிவிட்ட புழுக்களில், மேலேயுள்ள நங்கூர உயிரணுவை நீக்கிவிட்டாலும்கூட, கீழேயுள்ளவை வராத ஆணையை வந்ததாகக் கொண்டு பிளவுபட்டு, வயிற்றோரம் எதற்கும் பயன்படாத புடைப்புகளாக வரிசையிட்டு எழுகின்றன.