தானே செல்ல வேண்டிய கடிதம் தங்கிவிடுவது ஏன்?

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், ஊராட்சி அலுவலகங்களிலும் மின்னஞ்சல் வழியாகக் கடிதப் போக்குவரத்து நடைபெறுவதை இன்று காண்கிறோம். கணினி அலுவலகத்தில் இருக்கின்றது. பொறுப்பு வகிப்பவரோ பெரும்பொழுது வயலிலும் களத்திலும் இருக்கின்றார். ஆகவே, "இன்னாரிடமிருந்து வரும் கடிதங்களைத் தலைவரின் முகவரிக்கு உடனே அனுப்புக" என்று அலுவலகக் கணினியின் மின்னஞ்சல் செயலியில் ஒரு விதியை எழுதி வைப்பதுண்டு. எழுதியவுடன் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். அவ்விதி உண்மையில் நடைபெறுகின்றதா என்று சோதித்துப் பார்க்கத் தவறிவிடுகிறோம்.

ஓர் உற்பத்தியாளர் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குக் கணினியை அணைத்து அலுவலகத்தைப் பூட்டிச் செல்கின்றனர். இரவு 7 மணிக்கு வெளியூர் வியாபாரியிடமிருந்து கடிதம் வருகின்றது: "திங்கள் காலை லாரி அனுப்புகிறோம், எத்தனை பெட்டி தக்காளி தர இயலும் என்று ஞாயிறு மாலைக்குள் தெரிவிக்கவும்." விதி ஒழுங்காகவே எழுதப்பட்டிருக்கின்றது. ஆயினும் அக்கடிதம் தலைவருக்குக் கிடைப்பது திங்களன்று அலுவலகம் திறந்த பிறகுதான். அதற்குள் லாரி வேறு ஊருக்குச் சென்றுவிட்டது. பறித்த தக்காளியோ காத்திராது. இத்தகைய இழப்பு நேராதிருக்க வேண்டுமாயின், அனுப்பு விதி செயற்படும் முறையை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

விதியை நிறைவேற்றுவது யார்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. வெளியூர் செல்லும் ஒருவர், தம் கடிதங்களைப் புதிய விலாசத்திற்குத் திருப்பும்படி அஞ்சல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம். அல்லது வீட்டு வேலையாளிடம் சொல்லி வைக்கலாம். அஞ்சல் நிலையத்தில் கொடுத்தால், வீடு பூட்டியிருந்தாலும் கடிதம் திருப்பப்படும். வேலையாளிடம் சொன்னால், அவர் வீட்டில் இருக்கும் வேளையில் மட்டுமே காரியம் நடைபெறும்.

மின்னஞ்சலிலும் இவ்விரு வகைகள் உண்டு. கடிதங்களை முதலில் பெற்று வைக்கும் தொலைவிலுள்ள கணினியைச் சர்வர் என்கிறோம். அதில் எழுதப்பட்ட விதி இரவும் பகலும் வேலை செய்யும். நம் மேசைக் கணினியின் செயலியில் எழுதப்பட்ட விதியோ, அச்செயலி திறந்திருந்து இணையத் தொடர்பும் உள்ளபோது மட்டுமே வேலை செய்யும். தண்டர்பேர்டு செயலியில் 'மெசேஜ் பில்டர்ஸ்' என்னும் பகுதியில் எழுதும் விதிகள் யாவும் இந்த இரண்டாம் வகையின. அவுட்லுக் செயலியில் இரு வகையும் உண்டு; 'இக்கணினியில் மட்டும்' என்னும் பொருள்படும் குறிப்பு விதியோடு காணப்பட்டால், அது சர்வரில் நடைபெறாது என்று அறிந்துகொள்ளலாம்.

ஆகவே, அலுவலகம் மூடியிருக்கும் வேளையிலும் கடிதம் செல்ல வேண்டுமாயின், மின்னஞ்சல் சேவையின் இணையதளத்தில் நேராக நுழைந்து, அங்குள்ள அமைப்புகளில் விதியை எழுதுவதே தக்கது. ஜிமெயிலில் இவ்வாறு செய்யும்போது, கடிதம் பெறவிருக்கும் முகவரிக்கு ஒப்புதல் கேட்டு ஒரு மடல் செல்லும். அவர் ஒப்புதல் தரும்வரை அனுப்புதல் தொடங்காது. அரசு வழங்கிய முகவரியாயின், தனியார் முகவரிக்குத் திருப்பும் முன் மேலலுவலரின் அனுமதியைப் பெறுதல் அவசியம்.

வரிசையாகச் சோதிக்கும் முறை

செயலி திறந்திருந்தும் கடிதம் செல்லவில்லையெனில் பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கடிதம் வரவுப் பெட்டிக்கு வந்ததா? குப்பைக் கடிதங்களுக்குரிய ஸ்பேம் பெட்டியில் அதைச் சர்வர் ஒதுக்கியிருந்தால், விதி அதைக் காணாமற்போகலாம்.

இரண்டாவது, விதியின் நிபந்தனை சரியானதா? அனுப்புநரின் முகவரியில் ஓர் எழுத்துப் பிழை இருப்பினும் விதி பொருந்தாது. பல நிபந்தனைகள் இருப்பின், 'எல்லாம் பொருந்த வேண்டும்' என்றிருக்கின்றதா, 'ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும்' என்றிருக்கின்றதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, விதிகளின் வரிசை. அவை மேலிருந்து கீழாக நடைபெறுகின்றன. மேலேயுள்ள ஒரு விதி கடிதத்தை வேறு உறைக்கு மாற்றி, 'இத்துடன் நிறுத்துக' என்று கட்டளையிட்டால், கீழேயுள்ள அனுப்பு விதிக்கு அக்கடிதம் எட்டாது. தலைமடையை அடைத்தால் கடைமடைக்கு நீர் வராததைப் போன்றதே இது. முக்கியமான விதியை மேலே ஏற்றிவிட்டால் குறை தீரும்.

நான்காவது, அந்த முகவரியிலிருந்து சாதாரணக் கடிதம் ஒன்றைக் கையால் அனுப்பிப் பார்க்க வேண்டும். அதுவும் செல்லவில்லையெனில் குறை விதியில் இல்லை. கடிதம் அனுப்பும் சர்வருக்குரிய கடவுச்சொல் மாறியிருக்கலாம்.

தண்டர்பேர்டில் 'பில்டர் லாக்' என்னும் பதிவேட்டை இயக்கி வைத்தால், எந்த விதி எந்தக் கடிதத்தின்மீது செயற்பட்டது என்பதை அதில் படித்தறியலாம்.

சென்றும் சேராத கடிதம்

சில வேளைகளில் விதி தன் கடமையைச் செய்துவிடும். தடை வேறிடத்தில் இருக்கும். மைக்ரோசாப்ட் 365 சேவையில், வெளி முகவரிகளுக்குத் தானாகக் கடிதம் அனுப்புவது, நிர்வாகி அனுமதித்தாலன்றி, இயல்பாகவே தடுக்கப்படுகின்றது. 5.7.520 என்னும் எண்ணுடன் கடிதம் திரும்பிவந்தால் காரணம் இதுவே. அப்போது விதியைத் திரும்பத் திரும்ப எழுதுவதால் பயனில்லை. நிர்வாகியைத்தான் அணுக வேண்டும்.

மற்றொரு காரணமும் உண்டு. கடிதத்தைக் கொண்டுவந்த சர்வர், அதன் அனுப்புநர் சார்பில் கடிதம் கொண்டுவர உரிமை பெற்றதா என்று பெறும் சர்வர் சோதிக்கின்றது. இடையிலுள்ள சர்வர் மூலப் பெயரை மாற்றாமல் கடிதத்தைத் திருப்பும்போது இச்சோதனை தவறக்கூடும். அதனால் கடிதம் தலைவரின் ஸ்பேம் பெட்டியில் விழுந்து கிடக்கலாம். அங்கும் தேடிப் பார்த்தல் நலம்.

நாம் எழுதாத விதி

இதுவரை கூறியவை கடிதம் செல்லாததைப் பற்றியவை. செல்லக்கூடாத இடத்திற்குச் செல்வது அதனினும் கேடானது. கடவுச்சொல்லைத் திருடியவர்கள், நம் கடிதங்கள் யாவும் தங்களுக்கும் வரும்படி மறைவாக ஒரு விதியை எழுதி வைப்பதுண்டு. பணம் கைமாறும் தருணத்தை அவ்வாறு அறிந்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது; இனிப் புதிய கணக்கில் செலுத்துக" என்று வியாபாரியின் பெயரால் பொய்க் கடிதம் எழுதுவர். கடவுச்சொல்லை மாற்றினாலும் அவ்விதி தானாக அழியாது. அதைத் தேடி நீக்க வேண்டும். வங்கிக் கணக்கு மாற்றம் பற்றிய எந்தக் கடிதத்தையும், முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் பேசி உறுதி செய்த பின்னரே ஏற்க வேண்டும். பணம் பறிபோயிருப்பின் தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

மாதந்தோறும் கணக்கு முடிக்கும் நாளில், செயலியிலும் இணையதளத்திலும் உள்ள விதிகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். பின்னர் அலுவலகக் கணினியை அணைத்துவிட்டு, விதியில் குறித்த முகவரியிலிருந்து ஒரு சோதனைக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். அது தலைவரின் கைப்பேசியில் வந்து சேர்ந்தால் ஏற்பாடு சரியானது. சேராவிடில் அன்றே திருத்திக்கொள்ளலாம். கால் மணி நேரம் செலவிட்டு இதைச் செய்யும் சங்கம், ஒரு லாரிச் சரக்கின் விலையைக் காத்துக்கொள்ளும்.