தட்டை அளக்காதீங்க, பூனையை அளங்க

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் மொச்சை. ஆறு வருடம் முன்னால் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வாசலில் நிறுத்தியிருந்த என் பைக்குக்கு அடியில் கத்திக்கொண்டிருந்த குட்டி. பெயர் வைத்தது மகள். வளர்த்தது அம்மா. செலவு மட்டும் என்னுடையது.

அம்மா பாலும் தயிர்சாதமும் வைப்பார். மகள் கைக்காசில் பசை மாதிரி இருக்கும் ட்யூப் தின்பண்டம் வாங்கி வந்து நக்கக் கொடுப்பாள். நான் என் பங்குக்கு பாக்கெட் உணவு. விளைவு, நாலு வயதில் மொச்சை 5.8 கிலோ. பாக்கெட்டைப் பிரித்தால் குழம்பை மட்டும் நக்கிவிட்டு துண்டுகளை அப்படியே விட்டுவிடுவாள். மீன் என்றால் பொரித்த மத்தி மட்டும்தான், அதுவும் சூடாக. மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன்: 3,200 ரூபாய். எங்கள் வீட்டு கரண்ட் பில்லை விட அதிகம்.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். இந்தப் பதிவை எழுதக் காரணமும் அதுதான்.

நான் செய்த தப்பு

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு தட்டில் உலர் தீனியை மட்டும் வைத்தேன். "பசிச்சா தானா சாப்பிடும்" என்பது என் வாதம். மொச்சை மோந்து பார்த்தாள், தட்டுக்குப் பக்கத்துத் தரையை மண் தள்ளி மூடுவது போல இரண்டு முறை பிறாண்டினாள், போய்விட்டாள். ஆனால் மறுநாளிலிருந்து காலையில் பார்த்தால் தட்டில் தீனி குறைந்திருக்கும். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் வாந்தி. ஆறாம் நாள் மகள்தான் கவனித்தாள், காதின் உள்பக்கம் மஞ்சளாக இருந்தது. டாக்டர் ஈறைத் தூக்கிக் காட்டினார், அதுவும் மஞ்சள். "சார், நாய்க்குன்னா ஒருநாள் ரெண்டுநாள் தாங்கும். பூனையைப் பட்டினி போடவே கூடாது" என்றார். தீனியைத் தின்றது யார் என்று பிறகு தெரிந்தது: பக்கத்து வீட்டு மொட்டை மாடி வழியாக ராத்திரி வந்து போகும் ஒரு கடுவன்.

இருபது வருடமாக மென்பொருள் எழுதுகிறவன் நான். அளக்க வேண்டியது பூனையை. நான் அளந்தது தட்டை.

குளுக்கோஸ் ஏற்றி, மூன்று வாரம் சிரிஞ்சால் ஊட்டி, மொச்சை பிழைத்தாள். "வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டுட்டியேடா" என்று அம்மா சொன்னது ஒரே ஒரு முறைதான், ஆனால் அது போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பட்டினி ஏன் ஆகாது?

சாப்பாடு நின்றதும் உடம்பு சேமித்து வைத்த கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்பும். நமக்கும் அப்படித்தான். ஆனால் பூனையின் ஈரலுக்கு அவ்வளவு கொழுப்பைக் கையாளும் திறன் குறைவு. கொழுப்பைப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்பப் புரதம் வேண்டும், சாப்பிடாத பூனையிடம் அதுவும் இருக்காது. கொழுப்பு ஈரலிலேயே தங்கிவிடும், ஈரல் வேலையை நிறுத்தும், மஞ்சள் காமாலை வரும். குண்டுப் பூனைக்குத்தான் ஆபத்து அதிகம். சில நாள் பட்டினியே போதும்.

இதற்கு அடியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. புரதம் குறைவாகக் கிடைத்தால் நம் ஈரல் சிக்கனமாகிவிடும், புரதத்தை எரிக்கும் நொதிகளைக் குறைத்துக்கொள்ளும். பூனையால் அதை அந்த அளவுக்குச் செய்ய முடியாது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் குவிண்டன் ரோஜர்ஸ், ஜேம்ஸ் மாரிஸ் இருவரும் 1970களிலேயே இதைக் காட்டிவிட்டார்கள். வரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் செலவு செய்துகொண்டே இருக்கும் உடம்பு அது.

பிகு பண்ணுவது ஏன்?

பூனைக்கு இனிப்பு தெரியாது. ஃபிலடெல்ஃபியாவின் மோனல் ஆய்வு மையம் 2005இல் இதன் காரணத்தைக் கண்டுபிடித்தது. இனிப்பை உணரும் ஏற்பியைச் செய்ய இரண்டு மரபணுக்கள் வேண்டும், பூனையிடம் அதில் ஒன்று உடைந்து கிடக்கிறது. புலிக்கும் சிறுத்தைக்கும் அப்படித்தான். அரிசியின் இனிமையெல்லாம் மொச்சைக்கு ஒன்றுமே இல்லை.

பதிலுக்கு இறைச்சிச் சுவை நன்றாகவே தெரியும். இங்கிலாந்தின் வால்தம் ஆய்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வுப்படி, இறைச்சியில் இருக்கும் இரண்டு வேதிப்பொருள்கள் சேர்ந்து வரும்போது பூனை மயங்கிவிடுகிறது. இரண்டும் ஏராளமாகச் சேர்ந்திருப்பது சூரை மீனில். பூனை உணவு டப்பாக்களில் பாதிக்கு ஏன் சூரை படம் போட்டிருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

அடுத்தது வாசனையும் சூடும். பூனை மூக்கால் முடிவு செய்யும் பிராணி. அப்போதுதான் கொன்ற எலியின் சூடு கிட்டத்தட்ட 37 டிகிரி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த உணவுக்கு வாசனையும் இல்லை, சூடும் இல்லை.

கடைசியாகப் பழக்கம். குட்டியில் எதைத் தின்று வளர்ந்ததோ அதைத்தான் பூனை உணவு என்று நம்பும். ஒரே வகை கொடுத்து வளர்த்தால் புதியதைக் கண்டு பயப்படும். நாம் திமிர் என்று நினைப்பதில் பெரும்பகுதி இந்தப் பயம்தான்.

நம் அடுப்படியில் இருப்பவை

பால்: பூனை என்றாலே நமக்குப் பால்தான். கம்பரே தன்னைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையோடு ஒப்பிட்டுக்கொண்டவர். ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். அதோடு 100 மில்லி பாலில் சுமார் 65 கலோரி. 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கே 200 கலோரிதான் தேவை. ஒரு சின்னக் கிண்ணம் பால், மூன்றில் ஒரு வேளைச் சாப்பாடு!

தயிர்சாதம்: இதில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது. நம் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும், பூனை உடம்பு தேவையான அளவு செய்யாது. இறைச்சியில் உண்டு, தாவரத்தில் கிட்டத்தட்ட இல்லை. பால் புரதத்தை மட்டுமே நம்பி வளர்த்த பூனைகளின் விழித்திரை அழிந்துபோவதை ஹேய்ஸ் குழுவினர் 1975இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். 1987இல் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் பால் பியான் இன்னும் பெரிய குண்டைப் போட்டார். நல்ல நிறுவனங்களின் பூனை உணவையே சாப்பிட்ட பூனைகளுக்கு இதயம் வீங்கிப் பலவீனமாகியிருந்தது, காரணம் டாரின் பற்றாக்குறை. டாரின் கொடுத்ததும் இதயம் தேறியது. நிறுவனங்கள் அளவைக் கூட்டின, அந்த நோய் அரிதாகிப்போனது. ஆனால் அழிந்த விழித்திரை திரும்ப வராது. "தயிர்சாதம் தின்னே வளர்ந்துச்சு எங்க பூனை" என்பவர்களின் பூனை, வெளியே எலியும் ஓணானும் பிடித்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். மாடி வீட்டுக்குள் அடைத்த பூனைக்கு அந்த வழி கிடையாது.

மீன்: கரிமேடு மீன் மார்க்கெட் நடந்து போகும் தூரம்தான், மலிவு மீன் கிடைக்கும். ஆனால் கெண்டை, நெத்திலி மாதிரி மீன்களைப் பச்சையாகக் கொடுத்தால், அவற்றில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். வேகவைத்தால் நொதி போய்விடும். மத்தி போல எண்ணெய் மீனே தினமும் என்றால் வைட்டமின் ஈ பற்றாக்குறையாகி, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அழற்சி கண்டு வலிக்கும். மசாலாவில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அதனால் மீன் எப்போதாவது, வேகவைத்து, முள் எடுத்து, மசாலா இல்லாமல்.

கோழி ஈரல்: மலிவு, பூனைக்கு உயிர். ஆனால் வைட்டமின் ஏ ரொம்ப அதிகம். தினமும் ஈரலே தின்ற பூனைகளுக்குக் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதை 1960களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு தேக்கரண்டி. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வெறும் கோழிக்கறி: சதையில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து அதில் பதினைந்தில் ஒரு பங்கு கூட இராது. அதையே கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவும். சரி, எல்லாம் கலந்து நாமே சமைத்தால்? அந்த ஆசை எனக்கும் இருந்தது. டேவிஸ் ஆய்வாளர்கள் 2019இல் புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 114 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்தார்கள். கணக்குப் போடும் அளவுக்கு விவரம் இருந்தவை 94. பூனைக்குத் தேவையான எல்லாச் சத்தும் சரியான அளவில் இருந்தது அதில் ஒன்றுகூட இல்லை. ஆசையை விட்டுவிட்டேன்.

கணக்கு

கிலோ விலையைப் பார்க்காதீர்கள். 100 கலோரிக்கு எத்தனை ரூபாய் என்று பாருங்கள். இவை நான் வாங்கிய விலைகள்:

பாக்கெட் உணவு, 85 கிராம் 45 ரூபாய், சுமார் 70 கலோரி. 100 கலோரிக்கு 64 ரூபாய்.

எலும்பில்லாத கோழித் தொடைக்கறி, கிலோ 300 ரூபாய். 100 கலோரிக்கு 25 ரூபாய்.

உலர் தீனி, கிலோ 350 ரூபாய், 100 கிராமில் சுமார் 370 கலோரி. 100 கலோரிக்குப் பத்து ரூபாய்க்கும் கீழே.

பாக்கெட்டில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரைத்தான் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் பூனைக்குத் தேவைதான், உலர் தீனியில் அது பத்தில் ஒரு பங்கே இருக்கும், சிறுநீர்ப் பாதைக்கு அது நல்லதில்லை. ஆனால் தண்ணீரை நாமே சேர்க்கலாமே!

இப்போது மொச்சைக்கு ஒரு நாளைக்கு: 48 கிராம் உலர் தீனி, 15 கிராம் வேகவைத்த தொடைக்கறி, கறி வெந்த தண்ணீர். டாரின் தண்ணீரில் கரையும், அதனால் அந்தத் தண்ணீரைக் கொட்டக்கூடாது. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. நெஞ்சுக்கறியை விடத் தொடையில் டாரின் அதிகம், விலையும் குறைவு. மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கறி போகாமல் பார்த்துக்கொண்டால் தீனியின் சமச்சீர் கெடாது. மாதச் செலவு 640 ரூபாய்.

தீனி வாங்கும்போது பையில் 'முழுமையான சமச்சீர் உணவு' என்ற பொருளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'துணை உணவு' என்றால் அது தின்பண்டம். மகளின் ட்யூப் அந்த வகைதான். சில கடைகளில் தீனியைக் கொட்டி வைத்து நிறுத்துக் கொடுப்பார்கள், மலிவாக இருக்கும். என்ன தீனி, எப்போது செய்தது என்று தெரியாது, கொழுப்பும் காறிப்போயிருக்கும். வேண்டாம்.

மாற்றியது எப்படி?

இரண்டு மாதம் ஆனது. முதலில் நாள் முழுக்கத் தட்டு கிடப்பதை நிறுத்தினேன். நாலு வேளை, வேளைக்கு அரைமணி நேரம், பிறகு தட்டை எடுத்துவிடுவேன். (கடுவன் பிரச்சினையும் தீர்ந்தது.) அவளுக்குப் பிடித்த குழம்பிலேயே உலர் தீனியை மிக்ஸியில் பொடித்துக் கால் தேக்கரண்டி கலந்தேன். மூன்று நாள் அதே அளவு, பிறகு கொஞ்சம் கூட. மறுத்தால் ஒரு படி பின்னால் போவேன். பொடி பழகிய பிறகு முழுத் தீனி, மேலே வெதுவெதுப்பான கறித்தண்ணீர். அடம் பிடித்த நாட்களில் வேகவைத்த சூரை ஒரு சிட்டிகை உதிர்த்துத் தூவுவேன். நனைத்த தீனி மதுரை வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும், ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

விதி ஒன்றுதான்: 24 மணி நேரம் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் தோற்றுப்போங்கள். பழைய உணவைக் கொடுங்கள். அதையும் தொடவில்லை என்றால் அது பிகு இல்லை, நோய். டாக்டரிடம் போங்கள்.

வாரம் ஒருமுறை நான் எடை மிஷினில் ஏறுவேன், பிறகு மொச்சையைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன், கழித்துக்கொள்வேன். குண்டுப் பூனை வாரத்துக்கு எடையில் நூறில் ஒரு பங்கு குறைந்தால் போதும், வேகமாகக் குறைந்தால் மறுபடி ஈரல் ஆபத்து. இன்று 4.6 கிலோ. அலமாரி மேல் திரும்பவும் ஏறுகிறாள்.

அம்மா இப்போது பால் வைப்பதில்லை. கறித்தண்ணீரை விரலால் தொட்டுச் சூடு பார்த்து ஊற்றுவது அவர் வேலை. மிச்சமான காசில் மாடிச் சுவரில் இன்னொரு தட்டு வைக்கிறோம், அந்தக் கடுவனுக்கு. அவனிடம் எந்தப் பிகுவும் இல்லை. வைத்த தீனியைச் சத்தமில்லாமல் தின்றுவிட்டுப் போய்விடுவான், மொச்சையின் பங்கைத் தின்றபோதும் அப்படித்தான் போனான்.