வட்டைக்குப் போகும் மோட்டார் சைக்கிளில் என்ன கருவிகள் வைக்கலாம்?

சம்மாந்துறைப் பக்கத்து வட்டைகள் பல ஊரிலிருந்து தூரத்தில் உள்ளன. போரினாலும் 2004 சுனாமியினாலும் இடம்பெயர்ந்து வேறிடங்களில் குடியேறியோருக்கு இத்தூரம் இன்னும் கூடுதல். விதைநெல்லும் பசளையும் மோட்டார் சைக்கிளில்தான் போகின்றன. கிறவல் பாதையில் அது நின்றுவிட்டால் ஒரு நாள் வேலை கெடும். பொழுதுபட்டால் யானைப் பயமும் உண்டு.

இதற்காகப் பெரிய கருவிப் பெட்டி வாங்கத் தேவையில்லை. இரண்டு கேள்விகள் போதும். நமது பாதையில் எது அடிக்கடி பழுதாகின்றது? அதை நாமே வழியில் திருத்த முடியுமா? இரண்டுக்கும் பொருந்தும் கருவியையே எடுத்துச் செல்ல வேண்டும்.

1. ரயர்: ரயர் கழற்றும் லீவர் இரண்டு, கைப் பம்பு, ஒட்டுத் துண்டுகள், பசை, அரத்தாள் வேண்டும். ஒருமுறை திறந்த பசை வெயிலில் காய்ந்துவிடும். ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் பார்த்து மாற்றுங்கள். பசை பூசியதும் ஒட்டாமல், ஈரப்பளபளப்புப் போகும்வரை பொறுங்கள். ரியூப் இல்லாத ரயருக்கு வேறு வகை ஒட்டு வேண்டும்.

2. செயின்: உங்கள் செயினின் அளவுக்குரிய இணைப்புக் கண்ணி ஒன்றைக் கிளிப்புடன் வையுங்கள். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். மாறிப் போட்டால் கழன்றுவிடும்.

3. பிளக்: புதிய பிளக் ஒன்றும் அதற்கான ஸ்பனரும் வேண்டும்.

4. கேபிளும் பியூசும்: கிளச் கேபிள் ஒன்றும் அதே அம்பியர் பியூஸ் ஒன்றும் வையுங்கள். பியூசுக்குப் பதிலாக வெறும் கம்பி போட்டால் வயர்கள் எரியக்கூடும்.

5. ஸ்பனர்: ஜப்பான் வண்டிகளில் 10, 12, 14, 17 மில்லிமீற்றர் அளவுகள் அதிகம். இந்திய வண்டிகள் சிலவற்றில் 12க்குப் பதிலாக 13 இருக்கும். ஆகவே உங்கள் வண்டியின் நட்டுகளில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். பின்சில்லு நட்டின் ஸ்பனரைப் பலர் மறந்துவிடுகின்றனர். அது இல்லாவிட்டால் ஒட்டுச் சாமான் இருந்தும் பின்சில்லைக் கழற்ற முடியாது. இவற்றுடன் குறடு ஒன்றும் திருப்புளி ஒன்றும் போதும்.

எல்லாவற்றையும் சாக்குத் துணியில் சுற்றிப் பழைய ரியூப் துண்டால் இறுகக் கட்டுங்கள். சத்தம் வராது. ரயர் சிறிதாகக் கிழிந்தால் அந்த ரியூப் துண்டை உள்ளே வைத்தும் ஊர் வந்து சேரலாம்.

கடைசியாக ஒரு பரீட்சை. ஓய்வு நாளொன்றில், வீட்டு முற்றத்தில், இந்தக் கட்டில் உள்ளவற்றை மட்டும் கொண்டு பின்சில்லைக் கழற்றிப் பூட்டுங்கள். பிளக்கையும் மாற்றிப் பாருங்கள். குறைவது எது, வீணாகச் சுமப்பது எது என்பது அப்போதே தெரிந்துவிடும். வீட்டில் வண்டி ஓட்டும் பெண்களும் பிள்ளைகளும் இதைச் செய்து பழகட்டும். கருவி கையில் இருந்தும் பாவிக்கத் தெரியாவிட்டால் அது வெறும் இரும்புச் சுமைதான்.