இரண்டு கப்பல்! எதில் ஏறினார் கோபாலன்?

சின்னசேலத்திலும் கள்ளக்குறிச்சியிலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சிறுவர்கள் மட்டையும் பந்துமாகக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களிடம், "ரஞ்சி கோப்பையில் முதல் பந்தை வீசியவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் விழிப்பார்கள்!

அவர் ஒரு தமிழர். பெயர் எம்.ஜே.கோபாலன்.

செங்கல்பட்டு வட்டாரத்தில் மொரப்பாக்கம் என்று ஒரு கிராமம். சின்னசேலம் அளவுகூட இராது. அங்கே 1909-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி பிறந்தவர் கோபாலன். திருவல்லிக்கேணியில் விளையாடிக் கொண்டிருந்த அவரைச் சி.பி.ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் கண்டெடுத்தார். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. அந்த நாளில் ஆட்டத்தை நம்பி அடுப்பு எரியாது. மாதச் சம்பளம் இருந்தால்தான் மைதானத்தில் நிம்மதியாக ஓட முடியும்.

ஒரே நாளில் வெற்றி

1934 நவம்பர் 4. சென்னை சேப்பாக்கம். சென்னையும் மைசூரும் மோதின. ரஞ்சி கோப்பையின் முதல் பந்தயம் அதுதான். கோபாலன் ஓடி வந்து முதல் பந்தை வீசினார். மைசூர் 48 ரன்னில் சுருண்டது. சென்னை 130 எடுத்தது. மைசூர் மறுபடி ஆடி 59 ரன்னில் அவுட்! பொழுது சாய்வதற்குள் பந்தயம் முடிந்துவிட்டது. ராம்சிங் 11 விக்கெட் சாய்த்தார்.

அதே ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்தை எதிர்த்து ஒரு டெஸ்ட் பந்தயம் ஆடியிருந்தார் கோபாலன். ஒரு விக்கெட் எடுத்தார்.

பந்தோடு விட்டாரா? ஆக்கி மட்டையிலும் அவர் சூரர். 1935-ல் தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்து போன இந்திய ஆக்கி கோஷ்டியில் அவரும் ஒருவர்.

வந்தது சோதனை

1936 பிறந்தது. ஆக்கி கோஷ்டி பெர்லின் ஒலிம்பிக்குக்குப் புறப்பட இருந்தது. கிரிக்கெட் கோஷ்டி இங்கிலாந்துக்குப் புறப்பட இருந்தது. இரண்டிலும் கோபாலனுக்கு வாய்ப்பு. ஆனால், இரண்டும் ஒரே கோடையில்! ஒரு கப்பலில்தான் ஏற முடியும்.

1928-லும் 1932-லும் ஆக்கியில் தங்கம் வென்றிருந்தது இந்தியா. கிரிக்கெட்டிலோ அதுவரை ஒரு டெஸ்டில்கூட ஜெயித்ததில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்பவர் பெர்லினுக்குத்தான் போவார். கோபாலன் இங்கிலாந்துக்குப் போனார்.

அங்கே நடந்தது என்ன? மூன்று டெஸ்ட் ஆடினார்கள். மூன்றிலும் அவரைச் சேர்க்கவில்லை! தலைவர் விஜயநகரம் மகாராஜ்குமார். கோஷ்டிக்குள் ஒரே பூசல். லாலா அமர்நாத்தைப் பாதியிலேயே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு டெஸ்டில் தோல்வி, ஒன்று டிரா.

ஆகஸ்டு 15-ந் தேதி பெர்லினில் இறுதிப் பந்தயம். ஜெர்மனியை இந்தியா 8-1 என்று தோற்கடித்தது. மூன்றாவது தங்கம்!

கல்கத்தாவில் ஆடிய அந்த ஒரு டெஸ்டோடு கோபாலனின் கணக்கு நின்றுவிட்டது. ஆனால் மனிதர் மூலையில் உட்காரவில்லை. சென்னை கோஷ்டிக்குத் தலைவராக இருந்தார். இந்திய கோஷ்டியைப் பொறுக்கும் கமிட்டியிலும் இருந்தார். 1950-களில் தொடங்கி 1980-கள் வரை சென்னையும் இலங்கையும் மோதிய பந்தயத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: கோபாலன் கோப்பை. 1964-ல் பத்மஸ்ரீ விருது வந்தது.

2003 டிசம்பர் 21-ந் தேதி சென்னையில் காலமானார். அப்போது உலகில் உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களில் வயதில் மூத்தவர் அவர்தான்.